எரிவைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம்: உப்புவெளிச் சகோதரிக்கு ஒரு பதில்

கேள்வி: எனக்கு 48 வயது. திருகோணமலை உப்புவெளியில் வசிக்கிறேன். இரண்டு பிள்ளைகள், மூத்தவளுக்குத் திருமணமாகிவிட்டது. ஆறு வருடங்களாக நீரிழிவுக்குக் குளிசை எடுத்து வருகிறேன். என் கணவர் நான்கு வருடங்கள் கட்டாரில் வேலை செய்துவிட்டு இப்போது நிரந்தரமாக வந்துவிட்டார். எனக்கு மாதவிடாய் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒரு முறைதான் வருகிறது. உறவின்போது உள்ளே உலர்ந்து எரிகிறது. முதலில் பொறுத்துக்கொண்டேன். பிறகு தேங்காய் எண்ணெய் பாவித்தோம். மூன்று கிழமைகளுக்கு முன் ஆணுறை கிழிந்துவிட்டது. அதன்பின் ‘சூடேற்றும் ஜெல்’ என்று ஒன்றை அவர் தெரிந்தவரிடம் வாங்கி வந்தார். அது நெருப்புப் பட்டதுபோல் எரிந்தது, அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒரு தடவை இரத்தமும் சிறிது பட்டது. வெளியில் சொல்ல முடியாமல் பொறுத்துக்கொண்டேன். ‘உனக்கு என்மேல் விருப்பமில்லை’ என்று அவர் மனம் நோகிறார். என் உடம்பில் ஏதும் குறையா? எந்த ஜெல் பாதுகாப்பானது? அதைப் பாமசியில் எப்படிக் கேட்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ‘பொறுத்துக்கொண்டேன்’ என்ற சொல் மூன்று இடங்களில் வருகிறது. இந்த ஊர்ப் பெண்களைப் பல வருடங்களாகப் பரிசோதித்து வரும் எனக்கு அது மிகவும் பழக்கமான சொல். முதுகுவலி என்று வந்து, மருந்துத் துண்டையும் வாங்கிக்கொண்டு எழுந்து, கதவுப் பிடியில் கையை வைத்த பிறகு திரும்பி நின்று, தாழ்ந்த குரலில் இந்த விஷயத்தைத் தொடங்கும் பெண்கள் எத்தனையோ பேர். நீங்கள் அதைக் கடிதத்தின் நடுவில், முழு விவரத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அதனால் எனக்கும் விரிவாகப் பதில் எழுத முடிகிறது.

ஜெல்லைப் பற்றிப் பேசுவதற்கு முன் நாள் கடத்தக் கூடாத இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். ஆணுறை கிழிந்து மூன்று கிழமைகள் ஆகிவிட்டன என்கிறீர்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வரும் வயதில், அது வராததை வைத்துக் கர்ப்பமா இல்லையா என்று ஊகிக்க முடியாது. 48 வயதில் கர்ப்பம் தரிப்பது அரிது என்றாலும் நடக்காததல்ல. உறவு நடந்து 21 நாட்கள் கழிந்த பிறகு செய்யும் சிறுநீர்ப் பரிசோதனை நம்பத் தகுந்த முடிவைத் தரும் என்பதால் இந்தக் கிழமையே அதைச் செய்துவிடுங்கள். இனி எப்போதாவது இப்படிக் கிழிந்தால் காத்திருக்க வேண்டாம். அவசர கர்ப்பத்தடைக் குளிசையை 72 மணித்தியாலங்களுக்குள் எடுக்க வேண்டும். எவ்வளவு விரைவில் எடுக்கிறீர்களோ அவ்வளவுக்கு அது பலன் தரும்.

இரண்டாவது, அந்த இரத்தம். உலர்ந்து மெலிந்த தோலில் சிறு கீறல் விழுந்து இரத்தம் பட்டிருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் கடிதத்தைப் பார்த்து அப்படி முடிவு செய்யும் உரிமை எனக்குமில்லை, உங்களுக்குமில்லை. உறவுக்குப் பின் இரத்தம் படுவது கருப்பைக் கழுத்துப் புற்றுநோயின் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்றாகவும் இருக்கக்கூடும் என்பதால், ஒரு தடவை பட்டிருந்தாலும் கருப்பைக் கழுத்தை ஒரு வைத்தியர் கண்ணால் பார்த்தாக வேண்டும். இதைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. எந்த நல்ல ஜெல்லும் இந்தப் பரிசோதனைக்கு ஈடாகாது என்பதற்காகவே முதலில் எழுதுகிறேன்.

இனி, உங்கள் உடம்பில் குறையா என்ற கேள்வி. மாதவிடாய் நிற்கப் போகும் வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஓமோன் குறைந்துகொண்டே போகிறது. யோனியின் உட்சுவரைத் தடிப்பாகவும் ஈரமாகவும் நெகிழ்வாகவும் வைத்திருப்பது அந்த ஓமோன்தான். அது குறையும்போது சுவர் மெலிகிறது, சுரப்பும் தாமதமாகவும் குறைவாகவும் வருகிறது. அங்கே இயற்கையாக வாழும் லாக்டோபசிலசு என்ற நல்ல பக்டீரியாக்களும் குறைகின்றன. அவைதான் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, பி.எச். பெறுமானத்தை 3.8க்கும் 4.5க்கும் இடையில், புளிப்புப் பக்கமாக வைத்திருந்து, கெட்ட கிருமிகளைத் தடுத்துக்கொண்டிருந்தவை. இவற்றோடு நீரிழிவும் சேர்கிறது. பல வருட நீரிழிவு சிறிய இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் பாதிப்பதால் ஈரம் இன்னும் குறையலாம். இரத்தத்தில் சீனி ஏறியிருக்கும் நாட்களில் பங்கசுத் தொற்று எளிதாக வந்து, அரிப்பையும் எரிவையும் கூட்டும். தும்மலுக்கும் தோல் அரிப்புக்கும் எடுக்கும் சில ஒவ்வாமைக் குளிசைகளும், மன அழுத்தத்துக்குத் தரப்படும் சில குளிசைகளும் உலர்வை உண்டாக்கக் கூடியவை. ஆகவே நீங்கள் எடுக்கும் எல்லாக் குளிசைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு வைத்தியரிடம் கொண்டு போங்கள். நீரிழிவுக்கான குளிசைகளில் சீனியைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் வகை ஒன்று உண்டு. அதை எடுப்பவர்களுக்குப் பிறப்புறுப்பில் பங்கசுத் தொற்று வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

இந்தக் காரணங்களில் எதிலும் விருப்பம் என்ற ஒன்று வரவில்லை என்பதைக் கவனியுங்கள். மனம் நிறைய அன்பிருந்தும் உடம்பு உலர்ந்திருக்க முடியும். உங்கள் கணவரின் மனத்தாங்கலுக்கான பதில் இதுதான். இந்தப் பத்தியை அப்படியே அவரிடம் வாசிக்கக் கொடுத்தாலும் நல்லது.

இப்போது தேங்காய் எண்ணெய்க்கு வருவோம். தலைக்கும் கைகாலுக்கும் குழந்தையின் உடம்புக்கும் நாம் பூசி வளர்ந்த எண்ணெய் என்பதால் இதற்கும் அதையே எடுக்கக் கை நீள்வது இயல்பு. ஆனால் நம் கடைகளில் கிடைக்கும் ஆணுறைகள் அநேகமாக எல்லாமே லேடெக்ஸ் என்ற இயற்கை இறப்பரால் செய்யப்பட்டவை. எண்ணெய் பட்டால் இறப்பர் நெகிழ்ந்து பலமிழந்துவிடும். இதை மணிக்கணக்கில் நடக்கும் காரியமென்று எண்ண வேண்டாம். பயிற்சி வகுப்புகளில் நாங்கள் ஓர் ஆணுறையை ஊதிக் கட்டி, குழந்தைகளுக்குப் பூசும் எண்ணெயில் சில துளிகளை விரலால் தேய்த்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்போம். பேச்சு முடிவதற்குள், எண்ணெய் பட்ட இடம் மெலிந்து அது வெடித்துவிடும். உங்கள் வீட்டில் நடந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், குழந்தை எண்ணெய், பெற்றோலியம் ஜெலி, நெய், உடம்புக்குப் பூசும் கிரீம் என எண்ணெய்த் தன்மையுள்ள எதுவும் லேடெக்ஸ் ஆணுறையோடு சேரக் கூடாது. பங்கசுத் தொற்றுக்காக யோனிக்குள் வைக்கும் சில மருந்துக் கிரீம்களுக்கும் குளிசைகளுக்கும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது. அந்தச் சிகிச்சை நடக்கும் நாட்களில் உறவைத் தள்ளிப்போடுவதே பாதுகாப்பு.

ஆணுறை பாவிக்காத தம்பதியர் தேங்காய் எண்ணெய் போட்டு, அவர்களுக்கு எரிவோ தொற்றோ இல்லையென்றால், நான் அதைத் தடுத்துப் பேசுவதில்லை. உங்களுக்கு மட்டும் வேண்டாம் என்கிறேன். உங்களுக்கு ஆணுறை தேவைப்படுகிறது, நீரிழிவும் இருக்கிறது. யோனிக்குள் எண்ணெய் பாவித்த பெண்களிடம் பங்கசும், பெற்றோலியம் ஜெலி பாவித்த பெண்களிடம் பக்டீரியாச் சமநிலைக் குழப்பமும் கூடுதலாகக் காணப்பட்டதாக 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. எண்ணெய் எளிதில் கழுவுப்பட்டுப் போவதுமில்லை. வீட்டு முற்றத்துக் கற்றாழையையும் இதற்குப் பாவிக்க வேண்டாம். தோலைச் சீவும்போது வடியும் மஞ்சள் பால் சாதாரணத் தோலையே எரிக்கும், மெலிந்த உட்தோலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எச்சில் நொடியில் காய்ந்துவிடும், வாயிலுள்ள கிருமிகளையும் கொண்டு சேர்க்கும்.

ஆணுறைகளை எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் ஒருமுறை பாருங்கள். கச்சான் காற்று அனலாக வீசும் நம் ஊர் மாதங்களில் மோட்டார் சைக்கிள் இருக்கைக்குக் கீழோ பணப்பையிலோ கிடந்த ஆணுறை, எண்ணெய் படாமலே பலமிழந்துவிடும். வீட்டுக்குள், அலுமாரியின் நடுத்தட்டில், வெயில் படாமல் வைத்தால் போதும். உறையைப் பிரிக்கும் முன் காலாவதித் திகதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அந்தச் ‘சூடேற்றும் ஜெல்’. அது ஏன் எரிந்தது என்று விளங்கினால், எதை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். அவ்வகை ஜெல்களில் சூட்டு உணர்வைத் தருவதற்காகவே கிளிசரினையும் புரொப்பிலீன் கிளைக்கோலையும் அளவு கூட்டிச் சேர்க்கிறார்கள். சிலவற்றில் புதினாவின் குளிர்ச்சிப் பொருளான மெந்தோலும், மிளகாயின் காரப் பொருளான கப்சைசினும் இருக்கும். பள்ளிக்கூடத்தில் பிரசாரணம் என்று படித்திருப்பீர்கள். நெல்லிக்காயைச் சீனிப்பாகில் போட்டு வைத்தால் இரண்டு நாளில் அது சுருங்கி, பாகு நீர்த்துப் போயிருக்கும். காயிலிருந்த நீரைச் செறிந்த பாகு வெளியே இழுத்துவிட்டது. கிளிசரின் செறிந்த ஜெல்லும் உட்தோலின் கலங்களிலிருந்து நீரை அப்படித்தான் இழுக்கிறது. பூசியவுடன் வழுவழுப்பாகத் தெரிவதில் ஒரு பகுதி, உங்கள் தோலிலிருந்தே பறித்த நீர். கலங்கள் சுருங்கி உதிரும்போது எரிவு வரும். உதிர்ந்த தோல் வழியாகத் தொற்றுகள் நுழைவதும் எளிதாகும்.

இந்த இழுக்கும் வலிமையை ஒஸ்மோலாலிட்டி என்ற எண்ணால் அளக்கிறார்கள். யோனியில் இயற்கையாக உள்ள நீர்மத்தில் அது ஒரு கிலோகிராமுக்கு 260 முதல் 290 மில்லிஒஸ்மோல் வரை இருக்கும். லூப்ரிகன்ட் எனப்படும் வழுவழுப்பூட்டும் ஜெல்களில் அது 380ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது, எப்படியும் 1200க்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2012இல் தந்த வழிகாட்டல். சந்தையில் உள்ள பல ஜெல்கள் இந்த எல்லையைக் கடந்தவை. 6000ஐத் தாண்டியவையும் அளந்து பார்க்கப்பட்டிருக்கின்றன. ஆகவே, சகோதரி, அந்த ஜெல் எரிந்ததற்குக் காரணம் அந்தக் குழாய்க்குள் இருந்தது. மீதி இருந்தால் எறிந்துவிடுங்கள்.

இனி எதை வாங்குவது? பெட்டியின் முன்பக்கத்தில் எழுதியிருக்கும் ‘இயற்கையானது’, ‘மென்மையானது’ என்ற வார்த்தைகளை நான் வாசிப்பதேயில்லை. பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளை வாசிக்க வேண்டும், கண்ணாடி போட்டுத்தான் வாசிக்க முடியும் என்றாலும். உள்ளடக்கப் பட்டியலில் அளவு கூடியதை முதலிலும் குறைந்ததைக் கடைசியிலும் எழுதுவது வழக்கம். உங்களுக்குப் பொருத்தமானது நீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல். அதன் பட்டியலில் முதலில் நீரும், அடுத்து ஹைட்ரொக்சி எதில் செலுலோஸ் போன்ற ஒரு தடிப்பாக்கியும் இருந்தால் நல்ல அறிகுறி. நீருக்கு அடுத்த பெயரே கிளிசரின் அல்லது புரொப்பிலீன் கிளைக்கோல் என்றால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். கிளிசரின் சீனியைப் போலப் பங்கசுக்கு உணவாகிறது என்றும் சொல்வார்கள். அதற்கான ஆதாரம் அவ்வளவு உறுதியானதல்ல. ஆயினும் நீரிழிவு உள்ள, அடிக்கடி பங்கசுத் தொற்று வரும் பெண்களை நான் கிளிசரின் இல்லாததையே வாங்கச் சொல்கிறேன். பி.எச். பெறுமானம் எழுதியிருந்தால் அது 4.5ஐ ஒட்டி இருக்கட்டும். லாக்டிக் அமிலம் சேர்த்த ஜெல்கள் பெரும்பாலும் அப்படி இருக்கும். ஒஸ்மோலாலிட்டியைச் சில நிறுவனங்கள் மட்டும் பெட்டியில் அச்சிடுகின்றன. அந்த எண்ணை அச்சிட்டிருப்பதையே நான் நேர்மையின் அடையாளமாக எடுத்துக்கொள்வதுண்டு.

வேண்டாதவை என்று சில உண்டு. வாசனை, நிறம், பழச்சுவை சேர்த்தவை வேண்டாம். குளோர்ஹெக்சிடீன் என்ற கிருமிநாசினி உள்ள ஜெல், நான் மேலே சொன்ன நல்ல பக்டீரியாக்களையும் சேர்த்துக் கொன்றுவிடும். விந்தணுக்களைக் கொல்லும் நொனொக்சினால்-9 உள்ளதை ‘கூடுதல் பாதுகாப்பு’ என்று விற்பார்கள். அடிக்கடி பாவித்தால் அது உட்தோலைப் புண்ணாக்கி, எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பைக் கூட்டிவிடக்கூடும் என்று தெரிய வந்து இருபது வருடங்களுக்கு மேலாகிறது. எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது லிடொகேய்ன், பென்சொகேய்ன் போன்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த ஜெல்களுக்கு. வலி, தோல் கிழியப் போகிறது என்று உடம்பு சொல்லும் செய்தி. அதைக் கேட்காமல் செய்துவிட்டு உறவு கொண்டால், மருந்தின் வேகம் இறங்கிய பிறகுதான் காயம் தெரிய வரும்.

சிலிக்கோனை அடிப்படையாகக் கொண்ட ஜெல்களும் உண்டு. டைமெதிக்கோன், சைக்ளோமெதிக்கோன் என்று ‘கோன்’ ஒலியில் முடியும் பெயர்களைக் கொண்டு அவற்றை அடையாளம் காணலாம். அவை லேடெக்ஸைக் கெடுப்பதில்லை. நீர் இல்லாததால் தோலிலிருந்து நீரை இழுக்கும் பேச்சும் இல்லை. விரைவில் காய்ந்துவிடாது, சிறிதளவே போதும். நீர் ஜெல் எதைப் போட்டாலும் எரிகிறது என்று வரும் பெண்களுக்கு நான் அடுத்ததாகச் சொல்வது இதைத்தான். விலை கூடியது, படுக்கை விரிப்பில் பட்டால் கறை போகக் கடினம், சிந்திய தரை வழுக்கும். நீர் ஜெல்லில் தொடங்கி, அது போதாவிட்டால் இதற்கு வாருங்கள்.

வாங்கியதும் நேரே உறவுக்குப் பாவிக்க வேண்டாம். முதல் நாள் ஒரு துளியை முழங்கையின் உட்புறத்திலும், மறுநாள் யோனியின் வெளி மடிப்பிலும் பூசி, ஒரு நாள் முழுவதும் விட்டுப் பாருங்கள். சிவப்போ அரிப்போ இல்லையென்றால் பாவிக்கலாம். அளவு என்று கேட்டால், தொடக்கத்தில் அரைத் தேக்கரண்டி, தேவைப்பட்டால் மேலும். ஆணுறையைப் போட்ட பின் அதன் வெளிப்புறத்திலும், உங்கள் யோனி வாயிலிலும் சற்று உட்புறத்திலும் பூச வேண்டும்; ஆணுறைக்குள் நிறைய விட்டால் அது நழுவிவிடும். இடையில் நீர் ஜெல் காய்ந்து பிசுபிசுத்தால் மீண்டும் மீண்டும் பிதுக்காமல், விரலை நீரில் நனைத்துத் தொட்டுவிடுங்கள், பழைய வழுவழுப்பு திரும்பி வரும். முடிந்ததும் வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். உள்ளே சவர்க்காரமோ, கிருமிநாசினி கலந்த தண்ணீரோ போகக் கூடாது. சுத்தம் என்று எண்ணி அப்படிச் செய்பவர்களே உலர்வோடும் தொற்றோடும் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

பாமசியில் கேட்கும் கூச்சத்துக்கு என்னிடம் ஓர் எளிய வழி உண்டு. நான் நோயாளிகளுக்குத் துண்டு எழுதிக் கொடுப்பதைப் போல நீங்களே ஒரு துண்டு எழுதிக்கொள்ளுங்கள்: ‘நீரை அடிப்படையாகக் கொண்ட லூப்ரிகன்ட் ஜெல், கிளிசரின் இல்லாதது, வாசனையில்லாதது, ஆணுறையோடு பாவிக்கக்கூடியது.’ அதை நீட்டினால் பேச்சே தேவையில்லை. தெரிந்த முகங்கள் நிற்கும் கடை சங்கடமென்றால் நகரத்தில் வேறொரு பாமசிக்குப் போகலாம், அல்லது கணவரை அனுப்பலாம். இது இருவருக்கும் உரிய பொருள். மருந்தாளர் எடுத்துத் தரும் பெட்டியில் தயாரித்த திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், தயாரித்தவரின் முகவரி ஆகியவை இருக்க வேண்டும். இவை இல்லாத குழாயை, யார் எங்கிருந்து கொண்டு வந்து தந்தாலும் வாங்காதீர்கள்.

இன்னொரு வேறுபாட்டையும் அறிந்து வைத்திருங்கள். லூப்ரிகன்ட் உறவு நேரத்துக்கு மட்டுமானது. நடக்கும்போதும் உட்காரும்போதும்கூட உலர்வும் அரிப்பும் தெரிந்தால், யோனி ஈரப்பதமூட்டி என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை, உறவோடு தொடர்பில்லாமல் பாவிக்க வேண்டும். அதுவும் போதாதபோது, குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜனைக் கிரீமாகவோ சிறு குளிசையாகவோ யோனிக்குள் வைக்கும் சிகிச்சை மிகுந்த பலன் தரும். உலர்வுக்கான காரணத்தையே தொடுவது அந்தச் சிகிச்சைதான் என்பதால், உங்களுக்கு அது தேவைப்படும் என்றே நினைக்கிறேன். ஆனால் இரத்தம் பட்ட காரணம் தெரிவதற்கு முன் அதைத் தொடங்கக் கூடாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களென்றால் புற்றுநோய் வைத்தியரையும் கேட்க வேண்டும். சில கிழமைகள் பொறுத்தே பலன் தெரியும். அந்தக் கிரீமை லூப்ரிகன்டாக நினைத்து உறவுக்குச் சற்று முன் பூசிவிடக் கூடாது.

உங்கள் கணவரோடு பேசுவதைப் படுக்கையறையில் வைத்துக்கொள்ள வேண்டாம். வலித்த இடத்திலேயே, வலித்த நேரத்திலேயே பேசினால் அது முறைப்பாடாகக் கேட்கும். மாலையில் கடற்கரைக்கு நடக்கப் போகும்போதோ, பிள்ளைகள் இல்லாத வேளையில் தேநீரோடு இருக்கும்போதோ, ‘எனக்கு விருப்பம் குறையவில்லை, இந்த வயதில் உடம்புக்கு நேரமும் உதவியும் வேண்டியிருக்கிறது, வைத்தியரும் அப்படித்தான் சொல்கிறார்’ என்று சொல்லுங்கள். நேரம் என்று நான் சொல்வது மெய்யாகவே நிமிடக் கணக்கு. இருபது வயதில் உடனே வந்த ஈரம் இப்போது நீண்ட, அவசரமில்லாத தொடுகைக்குப் பிறகே வரும். ஜெல்லை அவர் கையாலேயே பூசச் சொன்னால், அது மருந்து என்ற எண்ணம் போய், உறவின் ஒரு பகுதியாகிவிடும். எரிந்தால் உடனே நிறுத்துவது என்று இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சொல்ல வாய் வராது.

நான்கு வருடப் பிரிவுக்குப் பின் சேரும் எந்தத் தம்பதிக்கும் நான் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன். இருவரும் ஒருமுறை பாலியல் நோய்களுக்கான இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் அது இலவசம், விவரங்கள் வெளியே போகா. இதைச் சந்தேகம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நீரிழிவுக்கு இரத்தம் பார்ப்பது போன்றதே. கர்ப்பத்தடையையும் இப்போதே விட்டுவிட முடியாது. 50 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றால் அதன்பின் இரண்டு வருடங்களும், 50க்குப் பின் நின்றால் ஒரு வருடமும் தொடர வேண்டும். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒரு முறை உங்களுக்கு வந்துகொண்டிருக்கிறது என்பதால் அந்தக் கணக்கு இன்னும் தொடங்கவேயில்லை.

இதே கிழமையில் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் இரண்டு இளம் பெண்கள் கிட்டத்தட்ட இதே கேள்வியைக் கேட்டிருப்பதால் அவர்களுக்கும் இங்கேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்காகக் காத்திருக்கும் தங்கை, வழக்கமான பல ஜெல்களும் எச்சிலும் விந்தணுவின் ஓட்டத்தைத் தடுக்கக் கூடியவை. கருத்தரிக்க முயல்வோருக்கானது என்று பெட்டியில் குறிப்பிட்ட ஜெல்லை மட்டும் பாவியுங்கள். பால் கொடுக்கும் தங்கை, உங்கள் உலர்வுக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைவே காரணம். பாலூட்டுவது குறைந்து மாதவிடாய் திரும்பும்போது பெரும்பாலும் சரியாகிவிடும், அதுவரை மேலே சொன்ன நீர் ஜெல் போதும்.

உப்புவெளிச் சகோதரி, பரிசோதனைக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் அடுத்த வேலை. இரத்தம் பட்டிருப்பதால் மாவட்டப் பொது வைத்தியசாலையின் பெண் நோயியல் கிளினிக்குக்கு நேரே போங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் வெல் வுமன் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களை அழைத்துக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை செய்வார்கள். உங்களுக்கு 45இல் அது நடந்ததா என்று உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் அட்டையைப் பார்த்துச் சொல்வார். நடந்திருந்தால் அந்த முடிவையும் கையோடு கொண்டு போங்கள். பெண் வைத்தியர்தான் வேண்டும் என்றால் பதிவு செய்யும் இடத்திலேயே சொல்லலாம், சொல்வதில் தவறில்லை. உள்ளே போனதும் ‘உறவுக்குப் பின் இரத்தம் பட்டது’ என்ற வாக்கியத்தை முதலாவதாகச் சொல்லிவிடுங்கள், கதவுப் பிடிவரை வைத்திருக்க வேண்டாம். பரிசோதனைக்கு முந்திய இரண்டு நாட்களும் உறவும், ஜெல்லும், உள்ளே வைக்கும் எந்தக் கிரீமும் வேண்டாம். அவை எடுக்கும் மாதிரியில் கலந்து முடிவைத் தெளிவில்லாமல் ஆக்கிவிடும். இரத்தப்போக்கு இருக்கும் நாளாக இருந்தால் கிளினிக்கில் சொல்லிவிட்டு, மாதிரியை எப்போது எடுப்பது என்பதை அவர்களே முடிவு செய்ய விடுங்கள்.